புள்ளி மாறின் பொருள் மாறும்: கணிப்பொறித் திரைக் கோளாறும் தீர்வும்

முன்னுரை

எழுத்தின் உயிர் சில வேளைகளில் ஒரு புள்ளியில் அடங்கிவிடுகிறது. மெய்யெழுத்துப் புள்ளி பெற்று நிற்கும் என்று வகுத்தது தொல்காப்பியம். எகர ஒகரக் குறில்களுக்கும் அந்நூல் புள்ளி விதித்தது. ஆயினும் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. அதனால் ஏடுகளைப் பதிப்பித்த சான்றோர், முன்னிற்பது உயிர்மெய்யா மெய்யா, குறிலா நெடிலா என்பதை இடம் நோக்கியே துணிய வேண்டியதாயிற்று.

அரபு எழுத்துக்கோ புள்ளியே உயிர்நாடி. மதரசாவில் முதற்பாடம் ஓதிய சிறுவரும் இதனை அறிவர். ஒரே கிண்ண வடிவம்; கீழே ஒரு புள்ளி இருந்தால் 'பா', மேலே இரண்டு இருந்தால் 'தா', மூன்று இருந்தால் 'ஸா'. நம் முன்னோர் அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளை எழுதப் புகுந்தபோது, அரபு எழுத்துகளோடு மேலும் சில புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி அரபுத்தமிழ் எழுத்தை ஆக்கிக்கொண்டனர். ஆகவே அரபுத்தமிழ் ஏட்டைப் படிப்பவர் எழுத்தை மட்டும் படிப்பதில்லை. புள்ளிகளை எண்ணிப் படிக்கிறார்.

இன்று ஏட்டைக் கையிலேந்திப் படிப்பவர் சிலரே. ஒளிப்படமாக்கிக் கணிப்பொறித் திரையில் படிப்பவர் பலர். புள்ளியை உள்ளபடி காட்டும் பொறுப்பு இப்போது திரையிடம் சேர்ந்துவிட்டது. அத்திரை பிழைபடக் காட்டுமாயின், எத்துணைக் கற்றவரும் பிழைபடவே படிப்பர். இவ்வுண்மையை யான் நூலில் கற்கவில்லை, பட்டறிந்தேன். அப்பட்டறிவையும், திரைக் கோளாறுகளின் காரணம் காணும் முறையையும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாளும் தாளும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஊர்ப்பெரியவர் ஒருவர் தம் பாட்டியார் கைப்பட எழுதிய அரபுத்தமிழ்க் குறிப்பேடு ஒன்றை எம் துறைக்குக் கொணர்ந்தார். துஆக்களும் நோன்பு முறைகளும் கைமருந்துக் குறிப்புகளும் அதில் இருந்தன. ஏடு நைந்திருந்தமையால் ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிப்படமாக்கிக் கணிப்பொறியில் சேர்த்துவிட்டு, மூலத்தை அவரிடமே ஒப்படைத்தோம். அதனைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதும் பணியை முதுகலை மாணவி ஒருவர் ஏற்றார்.

சில வாரங்கள் கழித்துப் பெயர்ப்பைப் பார்க்கப் பெரியவர் வந்தார். கைமருந்து ஒன்றில் 'ஏழு தாள்' என்று மாணவி எழுதியிருந்தார். தாள் என்பதற்குத் தண்டு என்னும் பொருளும் உண்டாகையால், மூலிகையில் ஏழு தண்டுகள் என்று யானும் அமைதி கண்டிருந்தேன். பெரியவரோ தலையசைத்து மறுத்தார். "ஏழு நாள் குடிக்க வேண்டும் என்றுதான் எங்கள் வாப்பும்மா சொல்வார்கள்" என்றார். சொல்லின் முதலில் வரும்போது நூன், தா ஆகிய இரண்டின் உருவமும் ஒன்றே. மேலே ஒரு புள்ளி இருந்தால் 'நாள்', இரண்டிருந்தால் 'தாள்'.

பெரியவர் முன்னிலையில் மாணவியைக் கடிந்துகொண்டேன். புள்ளியை எண்ணத் தெரியாதவர் ஏட்டைத் தொடலாமா என்றும் கேட்டுவிட்டேன். மாணவி எதிர்வாதம் புரியவில்லை. "ஐயா, திரையில் இரண்டு புள்ளியாகத்தான் தெரிகிறது" என்று மெல்லச் சொன்னார். யானே சென்று பார்த்தேன். கையெழுத்தில் இரு புள்ளிகளைப் பிரித்திடாமல் ஒரு சிறு கோடாக இழுத்துவிடுதல் அரபு எழுதுவோரிடம் உள்ள வழக்கம். திரையிலும் அத்தகைய சிறு கோடே தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கினோம், கோடும் பெரிதாயிற்று. மறுநாள் பெரியவர் மூல ஏட்டைக் கொணர்ந்து விரித்தார். அங்கே இருந்தது உருண்டையான ஒற்றைப் புள்ளி!

குற்றம் ஏட்டிலும் இல்லை. மாணவியின் கண்ணிலும் இல்லை. திரை பழுதென்று கருதிப் புதிது வாங்க விண்ணப்பமும் எழுதிவிட்டோம். ஆய்வுக்கூட உதவியாளர் வந்து பார்த்தபின் தெரிந்தது, குற்றம் திரையிலும் இல்லை என்பது. அவ்வாறாயின் குற்றம் எங்கே இருந்தது?

படம் வரும் வழி

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் என்பன அவை. நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவேறாது. கணிப்பொறியில் ஒரு படம் கண்ணுக்கு வருவதற்கும் நான்கு உறுப்புகள் வேண்டும்.

முதலாவது, படத்தைக் கணித்து உருவாக்கும் வரைகலைப் பொறி. இதனைக் கிராபிக்ஸ் கார்டு என்பர். தனி அட்டையாக அமையாமல் மையச் செயலியினுள்ளேயே அமைந்திருப்பதும் உண்டு. இரண்டாவது, அப்பொறியை இயக்கும் மென்பொருளாகிய டிரைவர். மூன்றாவது, படத்தைச் சுமந்து செல்லும் கேபிள். நான்காவது, படத்தை ஒளியாக்கிக் காட்டும் மானிட்டர்.

இவற்றுள் கேபிளின் பணி ஒருவழிப் பணியன்று. மானிட்டர் தன் பெயரையும், தான் காட்டவல்ல அளவுகளையும் கேபிள் வழியாகவே கணிப்பொறிக்குத் தெரிவிக்கிறது. ஆகவே கேபிளில் ஒரு முள் வளைந்தாலும் ஒடிந்தாலும், படம் வந்துகொண்டே இருக்க, இந்தத் தன்னறிமுகம் மட்டும் தடைப்படுதல் கூடும். அந்நிலையில் எதிரே இருப்பது எத்தகைய திரை என்றறியாத கணிப்பொறி, பாதுகாப்புக் கருதிக் குறைந்த அளவையே தேர்ந்துகொள்ளும்.

திரையின் இயல்பளவு

பழைய மானிட்டர்கள் குழல்வகையைச் சேர்ந்தவை. மின்னணுக் கற்றை திரையை வருடிப் படம் வரையும். ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் கொணர்ந்த வி.ஜி.ஏ. முறையில் குறுக்கே 640, நெடுக்கே 480 என்பது பரவலாக வழங்கிய அளவு. குழல்திரைக்கு இன்ன அளவுதான் என்னும் கட்டுப்பாடு பெரிதும் இல்லை. அளவை மாற்றினாலும் படம் ஏறத்தாழத் தெளிவாகவே இருக்கும்.

தட்டைத் திரையின் இயல்பு வேறு. அதில் படப்புள்ளிகள் ஆலையிலேயே எண்ணிப் பதிக்கப்பட்டுவிடுகின்றன. எம் துறையின் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080. ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். இதுவே அத்திரையின் இயல்பளவு. கணிப்பொறி அதே அளவில் படம் அனுப்பினால், அனுப்பிய ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளியில் அமர்ந்து தெளிவாகும்.

அன்று எம் கணிப்பொறி அனுப்பிக்கொண்டிருந்ததோ 1024க்கு 768 என்னும் அளவு. மொத்தம் 7,86,432 புள்ளிகளே. திரையின் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கினும் குறைவு. அதனை முழுத்திரைக்கும் நிரப்ப, மானிட்டர் குறுக்கே 1.875 மடங்கும், நெடுக்கே ஏறத்தாழ 1.41 மடங்கும் இழுத்தது. முழு மடங்காக இல்லாமையால் ஒரு புள்ளியின் நிறம் அண்டைப் புள்ளிகளிலும் கசிந்து எழுத்து மங்கியது. அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. உயரத்தைவிட அகலம் மூன்றில் ஒரு பங்கு மிகுதியாக இழுபட்டது. ஏட்டில் உருண்டையாக இருந்த புள்ளி திரையில் நீண்டு கிடந்தது. ஒற்றைப் புள்ளி இரட்டைப் புள்ளியாக வேடம் புனைந்தது இவ்வாறுதான். படத்தை எவ்வளவு பெரிதாக்கினும் இழுப்பு மாறாதாகையால், பெரிதாக்கிப் பார்த்ததும் பயன்படவில்லை.

இக்குறையைக் கண்டறிய எளிய சோதனை ஒன்றுண்டு. திரையில் ஒரு வட்டத்தை வரைந்து, அளவுகோலால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்திராவிடின் அளவு பிழைபட்டுள்ளது என்று துணியலாம்.

இடைநின்ற துபாஷி

அளவு ஏன் பிழைத்தது? அதற்கு முந்தைய மாதந்தான் கணிப்பொறியில் விண்டோஸ் மென்பொருளைப் புதிதாக நிறுவியிருந்தனர். வரைகலைப் பொறிக்கு உரிய டிரைவரை நிறுவ மறந்துவிட்டனர். நோயின் முதல் அதுவே.

டிரைவர் என்பதனைப் பழங்காலத் துபாஷியோடு ஒப்பிடலாம். கடற்கரைப் பட்டினங்களில் அயல்நாட்டு வணிகருக்கும் உள்ளூராருக்கும் இடையே இருமொழியறிந்த துபாஷி நின்றார். அவரின்றி வணிகம் நடவாது. விண்டோஸ் சொல்வதை வரைகலைப் பொறி அறியும் கட்டளையாக மாற்றித் தருவது டிரைவர். உரிய டிரைவர் இல்லாதவிடத்து, விண்டோஸ் தன்னிடமுள்ள பொதுவான டிரைவர் ஒன்றைக் கொண்டு காலங்கடத்தும். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்பது அதன் பெயர். நாலு சொல் மட்டும் தெரிந்த துபாஷி போல அது படத்தைக் காட்டும். பொறியின் முழு ஆற்றலையும் வெளிக்கொணராது. அளவுப் பட்டியலில் எமக்கு 1024க்கு 768க்கு மேல் எதுவும் தோன்றாமைக்குக் காரணம் இதுவே.

இதனை எவரும் கண்டறியலாம். ஸ்டார்ட் பொத்தானை வலப்புறமாகச் சொடுக்கி 'டிவைஸ் மேனேஜர்' என்பதைத் திறக்க வேண்டும். அதில் 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்னும் தலைப்பின்கீழ் இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா போன்ற பெயர் இருந்தால் உரிய டிரைவர் உள்ளது. மேற்சொன்ன பொதுப்பெயர் இருந்தால் இல்லை என்பது பொருள். விண்டோஸ் அப்டேட் வழியாகவோ, கணிப்பொறியையோ வரைகலைப் பொறியையோ செய்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தோ டிரைவரைப் பெற்று நிறுவலாம். 'உங்கள் டிரைவர் பழுது, பணம் செலுத்துக' என்று தாமாகத் தோன்றி அழைக்கும் விளம்பரங்களை நம்புதல் கூடாது.

நோய்முதல் காணும் முறை

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன் பின்னரே தணிக்கும் வழி தேடுக என்பது வள்ளுவர் மருத்துவருக்கு வகுத்த நெறி. நாமோ காரணம் அறியுமுன் மருந்து வாங்கப் புறப்படுகிறோம். திரைக் கோளாறு நேரும்போது கீழ்வரும் வரிசையில் ஆராய்தல் நலம்.

1. மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்தப் பட்டியலை வரவழைக்கவும். அப்பட்டியலை எழுதுவது கணிப்பொறியன்று, மானிட்டரே. பட்டியல் தெளிவாக இருந்து படம் மட்டும் கெட்டிருந்தால், மானிட்டர் பெரும்பாலும் நலமே. பட்டியலிலும் கறையோ கோடோ இருந்தால் பழுது மானிட்டரில் உள்ளது.

2. 'நோ சிக்னல்' என்று வந்தால் கேபிளின் இரு முனைகளையும் கழற்றிச் செம்மையாகப் பொருத்தவும். மானிட்டரில் எச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ. எனப் பல வாயில்கள் இருக்குமாயின், கேபிள் செருகிய வாயிலே தேர்வாகியுள்ளதா என்று காண்க. தனி வரைகலை அட்டை உள்ள கணிப்பொறியில் கேபிளை அவ்வட்டையின் வாயிலில் செருக வேண்டும். தாய்ப்பலகையின் வாயிலில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று வருந்துவோர் பலர்.

3. கணிப்பொறி எழும்பும்போது நிறுவனத்தின் சின்னம் தோன்றுகிறதா என்று நோக்குக. சின்னம் தோன்றி, விண்டோஸ் தொடங்கியபின் படம் மறைந்தால் ஐயம் டிரைவர் மேல் செல்லும். சின்னமே தோன்றாவிடின் கேபிள், வரைகலைப் பொறி, நினைவகம் முதலிய வன்பொருள்களை ஆராய வேண்டும். சின்னத்திலேயே கட்டங்களும் கறைகளும் காணப்பட்டால் அமைப்புகளை மாற்றிப் பயனில்லை; பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே முறை.

4. திரையில் உள்ளதைப் படமாகப் பிடித்து வேறொரு கருவியில் திறந்து பார்க்கவும். அப்படத்திலும் கறை இருந்தால் குறை கணிப்பொறிக்குள் உள்ளது. படம் செம்மையாக இருந்தால் குறை பெரும்பாலும் அதற்கு அப்பால் கேபிளிலோ மானிட்டரிலோ உள்ளது.

5. கேபிளையோ மானிட்டரையோ மாற்றிப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டையும் ஒருங்கே மாற்றினால், எதனால் சீராயிற்று என்பது விளங்காது.

அமைப்புகளைச் சீராக்கல்

காரணம் தெரிந்தபின் தீர்வு எளிது. முகப்புத் திரையின் வெற்றிடத்தை வலப்புறமாகச் சொடுக்கி 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறந்தால், 'டிஸ்பிளே ரெசல்யூஷன்' என்னும் பட்டியலில் 'ரெக்கமெண்டட்' என்று ஓர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக அதுவே இயல்பளவு, அதனையே தேர்க. மாற்றம் செய்தவுடன் அதனை ஏற்கிறீரா என்று விண்டோஸ் வினவும். திரை இருண்டுவிட்டால் அஞ்சி எதனையும் அழுத்த வேண்டா. 15 விநாடிக்குள் விடை வராவிடின் பழைய அமைப்புத் தானே மீளும்.

திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதும் ஓர் அமைப்பு. குழல்திரையில் 60 முறை என்பது பலருக்குக் கண்கூசும் துடிப்பாகத் தோன்றியமையால், 75 அல்லது 85க்கு உயர்த்துமாறு அந்நாளில் அறிவுறுத்தினர். தட்டைத் திரைக்கு 60 என்பதே பொதுவான எழுத்துப் பணிக்குப் போதும். மானிட்டர் ஏற்கும் எல்லைக்கு மேல் உயர்த்தினால் படம் வாராது.

புதிய டிரைவரை நிறுவியபின் கோளாறு தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் வரைகலைப் பொறியின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்திப் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். வேலையின் நடுவே திரை உறைந்தாலோ இருண்டாலோ, விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் என்னும் மூன்று விசைகளோடு 'பி' விசையையும் சேர்த்து அழுத்துக. வரைகலை டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும். திறந்திருக்கும் கோப்புகள் மூடப்படுவதில்லை. அதனாலும் பயனில்லையெனில், நுழைவுத் திரையில் ஷிப்ட் விசையை அழுத்தியவாறு 'ரீஸ்டார்ட்' கொடுத்து, 'சேஃப் மோடு' என்னும் பாதுகாப்பு நிலைக்குச் செல்லலாம். அங்கே பொதுவான டிரைவர் மட்டும் இயங்குமாகையால், பழுதான டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவ இயலும்.

எழுத்துச் சிறுத்தால்

இயல்பளவை வைத்தால் எழுத்துகள் மிகச் சிறுத்துவிடுகின்றன என்பது மூத்த ஆசிரியர்களின் முறையீடு. அது நியாயமே. ஆனால் அதற்காகத் திரையின் அளவைக் குறைத்தல், சிற்றெழுத்துக் குர்ஆனைப் படிக்க இயலாதவர் கண்ணாடியில் எண்ணெய் தடவிக்கொள்வது போலாகும். அதே பக்கத்தில் 'ஸ்கேல்' என்றோர் அமைப்பு உண்டு. அதனை 125 அல்லது 150 விழுக்காடாக்கினால், படப்புள்ளிகளில் ஒன்றும் குறையாமல் எழுத்து மட்டும் பெரிதாகும். அளவைக் குறைத்தால் எழுத்துப் பெரிதாகி மங்கும்; ஸ்கேலை உயர்த்தினால் பெரிதாகித் தெளியும். இவ்வேறுபாட்டை அறியாமல் கண்ணைக் குறை கூறுவோர் பலர்.

எழுத்துருக் கோளாறு வேறு

இறுதியாக ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். தமிழெழுத்துக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்களோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையோ தோன்றினால், அது டிரைவரின் குற்றமன்று. அது எழுத்துருவையும் குறியீட்டு முறையையும் சார்ந்தது. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் போக்கில் குறியீடு கொண்டிருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999இல் சென்னையில் தமிழிணையம் மாநாடு கூடித் தரம் வகுத்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்த போதிலும், அது பரவலான வழக்கிற்கு வரக் காலம் பிடித்தது. பழைய கோப்பை அதற்குரிய எழுத்துருவின்றித் திறந்தால் இன்றும் அக்குழப்பம் தோன்றும். எழுத்தே மாறித் தோன்றினால் எழுத்துருவை நாடுக. எழுத்தோடு படங்களும் மங்கினாலோ இழுபட்டாலோ அளவையும் டிரைவரையும் நாடுக. ஒளியே இல்லையெனில் கேபிளையும் மானிட்டரையும் நாடுக.

முடிவுரை

எம் கணிப்பொறியில் உரிய டிரைவரை நிறுவி முடிக்க அரைமணி நேரமே ஆயிற்று. பணச் செலவு ஒன்றுமில்லை. அளவுப் பட்டியலில் 1920க்கு 1080 தோன்றியது. அதனைத் தேர்ந்தவுடன் நீண்டு கிடந்த கோடு சுருங்கி உருண்டு புள்ளியாயிற்று, 'தாள்' நாளாயிற்று. புதிய மானிட்டருக்கான விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்தோம். மாணவி தாம் பெயர்த்தெழுதிய பக்கங்கள் அனைத்தையும் முதலிலிருந்து ஒப்புநோக்கினார். மேலும் சில இடங்களில் அதே மயக்கம் நேர்ந்திருந்ததைத் தாமே கண்டு திருத்தினார்.

அம்மூதாட்டியார் தம் மக்களுக்கும் பேரர்க்கும் பயன்படவே அம்மருந்தை எழுதி வைத்தார். நாம் அச்சேற்றவிருந்ததோ வேறொரு மருந்து. கேட்டறிந்த பெரியவர் ஒருவர் உயிரோடிருந்தமையால் பிழை வெளிப்பட்டது. அவர்களுக்குப் பின் ஏட்டைத் தவிர வேறு சான்று இராது. அவ்வேட்டையும் நாம் திரை வழியாகவே காண்போம். ஆகவே ஏடு படிக்கத் தொடங்குமுன் ஒரு வட்டத்தைத் திரையில் வரைந்து அளந்து பார்த்தல் இப்போது எம் துறையில் வழக்கமாகிவிட்டது.

சீராக்க வேண்டியது இன்னும் ஒன்றிருந்தது. பெரியவர் முன்னிலையில் கடிந்த மாணவியிடம், அப்பெரியவர் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தேன். கருவியின் குறையை மனிதர் மேல் ஏற்றிச் சொல்லுதல் நாம் எளிதாகச் செய்துவிடும் அநீதி. ஒருவர் பிழைபடக் கண்டார் என்று தீர்ப்பளிக்குமுன், அவருக்கு என்ன காட்டப்பட்டது என்று சென்று பார்ப்பது ஆசிரியர் கடன். அக்கடனை எனக்கு உணர்த்தியது ஒற்றைப் புள்ளி.